மம்பாவ் வீட்டைக் கடல் பக்கம் தூக்கிப்போனது

வீடு மாறுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்றுதான் அன்று நினைத்துக்கொண்டிருந்தேன். செனவாங் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு உற்பத்தி லைனையே ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு மாற்றி, மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓட்டியிருக்கிறோம். ஒரு வீடு என்ன பெரிய வீடு? ரெண்டு அறை, ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு.

கடல் பக்கம் போய்விடலாமா என்று கேட்டது என் வீட்டுக்காரர். ஒரு நாள் காலை கோப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டார். அவரோடு ஸ்கூல் பஸ் ஓட்டிய கூட்டாளி ஒருவர், புக்கிட் பெலண்டோக்கையும் தாண்டி, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு பழைய வீடு வைத்திருந்தார். பிள்ளைகளோடு கோலாலம்பூருக்குப் போய்விட்டதால் வீடு சும்மா கிடந்தது. "பாம்புக்கும் கொரங்குக்கும் விடுறதுக்கு நீங்க இருந்துட்டுப் போங்களேன்" என்று கூட்டாளி சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார்.

மகள் ஜொகூரிலிருந்து போன் போட்டுக் கத்தினாள். "அம்மா, அப்பாவுக்குக் கண்ணு தெரியாது, அங்க கொண்டுபோய் என்ன பண்ணப் போறீங்க? ஒன்னுன்னா கிளினிக்குக்கு யாரு தூக்கிட்டு ஓடுறது? சாப்பாடு டெலிவரிகூட வராதுலா!"

அவள் சொன்னதில் தப்பில்லை. இனிப்பு நீர் வியாதி என் வீட்டுக்காரரின் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, கடைசியில் ஒரேயடியாக விளக்கை அணைத்துவிட்டது. முதல் வருஷம் நாங்கள் பட்ட பாட்டை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அந்தப் பாட்டுக்குப் பிறகு மனுஷன் நாங்கள் குடியிருந்த மம்பாவ் வீட்டைக் கையாலும் காலாலும் மனப்பாடம் செய்துவிட்டார். கட்டிலிலிருந்து எழுந்து இடது பக்கம் திரும்பினால் கழிப்பறை. கூடத்து நாற்காலியின் முதுகைத் தொட்டு நேராகப் போனால் சமையல்கட்டு. தன் கோப்பியைத் தானே கலக்குவார். விஷயம் தெரியாமல் வந்தவர்கள் அவருக்குக் கண் தெரியாது என்று நம்பவே மாட்டார்கள். ஒரு இன்சூரன்ஸ்காரன் அவரிடம் பேனாவை நீட்டி, "இங்க பாத்து சைன் போடுங்க அங்கிள்" என்றான். அன்றைக்கு அவருக்கு எவ்வளவு சந்தோஷம்!

அதனால் எனக்கு இருந்தது ஒரே கவலைதான். புது வீட்டிலும் அவர் என் கையைப் பிடிக்காமல் நடக்க வேண்டும். தட்டு உடைந்தால் உடையட்டும், அலமாரிக் கண்ணாடி போனால் போகட்டும். இது மட்டும் கெடக்கூடாது.

நான் போட்ட திட்டம் இதுதான்: மம்பாவ் வீட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்துவிடுவது. நல்ல வேளையாக அந்த வீட்டு அறைகளும் ஏறக்குறைய இதே அமைப்பு. மாறுவதற்கு முன்பே நாலைந்து தடவை பஸ் ஏறிப் போனேன். அளவு நாடாவும் சாக்கட்டியும் கையில். வாசலில் நின்றுகொண்டு, வாசலிலிருந்து இடது, வாசலிலிருந்து வலது என்று பார்த்துப் பார்த்துத் தரையில் கோடு போட்டேன். கட்டில் இங்கே, அலமாரி இங்கே, நாற்காலியின் முதுகு இந்தப் பக்கம். குடிதண்ணீர்க் குழாயில் துரு வருகிறதா, கேஸ் தோம்பு, அதாவது சிலிண்டர், கொண்டுவந்து போடும் சீனர் அந்தப் பக்கம் வருவாரா, தண்ணீர் பெருகும் நாளில் கடல் எதுவரைக்கும் ஏறும், குரங்கு எந்த ஜன்னல் வழியாக வரும், எல்லாம் விசாரித்தேன். உப்புக் காற்றில் ஐஸ்பெட்டி துருப்பிடிக்கும் என்று ஒருவர் சொன்னதால் அதற்குக் கீழே வைக்கப் பலகைகூட ஏற்பாடு செய்துவிட்டேன். எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

குடிபோகும் நாளைக் கோயில் ஐயரிடம் கேட்டுக் குறித்தோம். சாமி படம், விளக்கு, உப்பு, அரிசி, ஒரு குடம் தண்ணீர் எல்லாம் எனக்கு முன்னால் காரில் போயின. லோரி பின்னால் வந்தது. என் வீட்டுக்காரரின் அக்கா, அதாவது என் நாத்தனார், தன் மகன்கள் இருவரோடு ராசா என்கிற ஊரிலிருந்து வந்திருந்தார். தம்பி என்றால் அவருக்கு உயிர். தாய் இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அவர் வாய் நிற்காது, கையும் நிற்காது. லோரி நிற்பதற்குள் பாதிச் சாமான் கீழே இறங்கிவிட்டது.

நான் பசங்களிடம் கோட்டைக் காட்டி, "இதுல நூல் பிசகாம வைங்கடா" என்றேன். அவர்களும் அப்படியே வைத்தார்கள். கட்டில், அலமாரி, நாற்காலி எல்லாம் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தன. அதன் பிறகுதான் பால் காய்ச்சப் போனேன்.

புது வீட்டில் பால் பொங்கி வழிய வேண்டும், பொங்குகிறவரை வீட்டுக்காரி அடுப்பை விட்டு நகரக் கூடாது. அதுதான் வழக்கம். அந்த அடுப்போ என்னைப் பழிவாங்குவதற்கென்றே காத்திருந்தது. தீ நீலமாக வராமல் மஞ்சளாக ஆடியது. பால் சூடாவேனா என்றது. நானும் அசையாமல் நின்றேன். உள்ளே ஏதோ இழுக்கிற சத்தம் கேட்டது. பெட்டியைத் தள்ளுகிறார்கள் என்று நினைத்தேன். பால் பொங்கியது, எல்லாரும் ஓடி வந்தார்கள், நாத்தனார் குலவை போட்டார், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நேரத்தோடு சாப்பாடும் ஆனது. நாத்தனார் தம்பியின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கட்டிலில் படுக்க வைத்தார். "கொஞ்ச நேரம் கண்ண மூடு தம்பி, களைச்சுப் போயிருப்ப." பிறகு பசங்களோடு கடலைப் பார்க்கப் போய்விட்டார். நான் பின்பக்கம் கொடி கட்டிக்கொண்டிருந்தேன்.

'டம்' என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், என் வீட்டுக்காரர் அறையில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். புருவத்துக்கு மேலே கிழிந்து ரத்தம். எதிரே இரும்பு அலமாரி, கதவு பாதி திறந்தபடி.

அவர் செய்தது தப்பே இல்லை. எழுந்தார், இடது பக்கம் திரும்பினார், நடந்தார். கட்டில்தான் தலைமாடும் கால்மாடும் மாறிக் கிடந்தது.

மம்பாவ் வீடு கிழக்கு பார்த்த வாசல். இது கடலைப் பார்த்த வாசல், அதாவது மேற்கு. வாசலிலிருந்து இடது வலது பார்த்து நான் அச்சு அசலாகக் கோடு போட்டேனே, அங்கே தெற்கே இருந்த தலை இங்கே வடக்கே வந்துவிட்டது. ஐயரைக் கேட்டு நாள் குறித்து, உப்பையும் அரிசியையும் முன்னால் அனுப்பிய எனக்கு இது தோன்றவே இல்லை. நாத்தனாருக்கு அறையில் கால் வைத்ததுமே தோன்றிவிட்டது. ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்திருக்கிறார், பசங்களைக் கூப்பிட்டிருக்கிறார், தலையணையோடு சேர்த்துத் திருப்பிப் போட்டுவிட்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாக்கா?" என்று கத்தினேன்.

"பால் பொங்குற நேரத்துல அடுப்புகிட்ட நிக்கிறவள எப்படிக் கூப்பிடுறது? அப்புறம் சாப்பாட்டுல மறந்துபோச்சு. அதுக்காக வடக்க தல வெச்சுப் படுக்க விடச் சொல்றியா? என் தம்பிடீ அவன்!" என்று அழுதார். கட்டுப்போட்டது அவர்தான்.

காயம் சின்னதுதான், நாலு நாளில் காய்ந்துவிட்டது. மனுஷன்தான் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றால் கையை நீட்டுவார். "கையக் குடு" என்பார். அவ்வளவு மெதுவாக. மம்பாவில் எனக்கு மறந்தே போயிருந்த வார்த்தை அது. கோப்பியை நான் கலக்கிக் கொடுத்தேன், குடித்தார். கோபித்துக்கொண்டிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும். செம்பனைக் குலை ஏற்றும் தோட்டத்து லோரி காலையில் போகும் சத்தத்தையும் சாயங்காலம் வரும் சத்தத்தையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. வடக்காவது தெற்காவது, சாமி என்னைக் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று கட்டிலின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். தேக்குக் கட்டில், லேசில் நகருமா? மூச்சு வாங்கியது.

"என்ன பண்ற அங்க?" கூடத்திலிருந்து அவர் குரல்.

"கட்டில திருப்புறேன். மம்பாவ்ல இருந்த மாதிரி."

"விடு."

"என்னத்த விடுறது? நீங்க இப்படி உக்காந்திருக்கிறத நான் பாத்துக்கிட்டே இருக்கணுமா?"

"மம்பாவ் மாதிரியே இருக்கணும்னா மம்பாவ்லயே இருந்திருக்கலாமே. எதுக்கு லோரி, எதுக்கு இம்புட்டுப் பாடு?"

எனக்குச் சுருக்கென்றது. கூடத்துக்கு வந்து இடுப்பில் கை வைத்து நின்றேன். அவருக்குத் தெரியாது என்றாலும் நான் அப்படித்தான் நிற்பேன். "நீங்க உள்ள நல்லா நடக்கணும்னுதானே எல்லாம் செஞ்சேன்!"

"வீட்டுக்குள்ள நடக்கவா நான் இவ்ளோ தூரம் வந்தேன்?" என்றார்.

பிறகு அவரே சொன்னார். மம்பாவில் கேட்டைத் தாண்டினால் அவருக்கு ஒன்றுமே இல்லை. ரெண்டு பக்கமும் கார், நடுவில் மோட்டார் சைக்கிள், மூடி இல்லாத கால்வாய். பஸ்ஸை லுக்குட், போர்டிக்சன் என்று காடு மேடெல்லாம் ஓட்டிய மனுஷன் சொந்த வீட்டு வாசலில் நிற்கப் பயந்திருக்கிறார். இந்தப் பக்கம் ரோட்டில் வண்டி கம்மி, கால்வாய் தள்ளி இருக்கிறது என்று கூட்டாளி சொன்னதுதான் அவருக்குப் போதுமாக இருந்திருக்கிறது. "கடல் பக்கம் போலாமான்னு கேட்டேன். நீ கேஸ் கேட்ட, தண்ணி கேட்ட, கொரங்கு கேட்ட. எதுக்குப் போகணும்னு மட்டும் கேக்கல."

சரி என்று கட்டிலை அப்படியே விட்டேன். தெற்கே தலை வைத்தபடியே அவர் அந்த அறையைப் புதிதாகத் தடவிக் கற்றுக்கொண்டார். ரெண்டு நாளில் கழிப்பறைக்குத் தானாகப் போனார். நாத்தனாரிடம் போனில் சொன்னேன். "பாத்தியா, நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார். எதைச் சொன்னாரோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

அதன் பிறகு சாயங்காலங்களில் ரோட்டுக்குப் போனோம். கேட்டைத் தாண்டி வலது பக்கம் திரும்பினால் நேரான தார் ரோடு, ஒரு வளைவு, அதற்கப்புறம் கடல். கடல் என்றால் அலை அடித்து நுரை தள்ளுகிற கடல் இல்லை. சேறு, சேற்றில் வேர் ஊன்றி நிற்கும் பாக்காவ் மரம், கட்டிப்போட்ட ரெண்டு சம்பான் படகு. கைத்தடியால் தாரின் விளிம்பைத் தட்டிக்கொண்டே நடப்பார். போகும்போது காற்று இடது கன்னத்தில், வரும்போது வலது கன்னத்தில். குலை லோரி வந்தால் புல்லில் ஒதுங்கி நிற்பார். டிரைவர் ஹார்ன் அடித்தால் இவரும் கையைத் தூக்குவார், டிரைவருக்கு டிரைவர் செய்கிற மாதிரி. நான் பக்கத்திலேயே ஓடுவேன். "அங்க கல்லு, இங்க பள்ளம், மாட்டுச் சாணி, மாட்டுச் சாணி!" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே ஓடுவேன்.

ஒரு நாள் கேட்டில் நின்று, "இன்னைக்கு நீ வராத" என்றார்.

"என்னங்க விளையாட்டு இது?"

"இங்கயே நில்லு. சத்தமும் குடுக்காத. நீ சத்தம் குடுத்தா நான் உன் சத்தத்தப் பாத்துத்தான் நடப்பேன்."

போனார். வெள்ளைச் சட்டை வளைவு வரைக்கும் தெரிந்தது, அப்புறம் செம்பனை மறைத்துவிட்டது. மகள் சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. ஒரு லோரி அந்தப் பக்கம் போனது. அது போன சத்தம் அடங்கும்வரை நான் மூச்சே விட்டேனா என்று தெரியவில்லை.

வெயில் தணிந்த பிறகு வளைவில் வெள்ளைச் சட்டை தெரிந்தது. தட்டிக்கொண்டே வந்தார். கேட்டுக்கு நேராக வந்தார், நிற்கவில்லை, கேட்டைத் தாண்டிப் போனார். பக்கத்து மலாய்க்காரர் வீட்டுச் செம்பருத்தி வேலியில் தடி இடித்தது. 'இங்கங்க!' என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சேலை முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்தேன். அவர் நின்றார். கையை நீட்டி ஒரு இலையைத் தொட்டுப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக் காற்று எங்கே என்று பார்த்தார். பிறகு திரும்பி வந்து, தடியால் தேடி, கம்பியைப் பிடித்து, கேட்டை ஆட்டினார்.

"யாரு வீட்டுல? கேட்டத் தொறங்க" என்றார்.

அவருக்குக் கண் போன நாளிலிருந்து எங்கள் வீட்டில் வெளியே போய்விட்டு வருகிறவள் நான் மட்டும்தான். அவர் உள்ளேயே இருப்பவர். உள்ளேயே இருப்பவரிடம், வீடு திரும்புகிறவரைக் கேட்கிற கேள்வியைக் கேட்க முடியாது. நான் முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டைத் திறந்தேன்.

"வந்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ம். வந்துட்டேன்" என்றார்.