பதினோராவது பாட்டு

சாம்சுந்தர் எட்டு வருடங்களாக ஒரே பொய்யைச் சொல்லிவந்தான்.

"இருக்கு. பரண்ல ஏதோ பெட்டிக்குள்ள கெடக்கு. தேடுதேன்."

முதலில் கேட்டது ஜாய்லின். இந்த வருடம் செல்வக்குமாரும் சேர்ந்துகொண்டான். பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்தபோது மூவரும் ஒரு காதிக் இசைக்குழு வைத்திருந்தார்கள். பெயர் 'கல்லறைத் தோட்டம்'. கறுப்பு உடுப்பு, கண்ணைச் சுற்றி அப்பிய மை, சாவையும் மழையையும் இழுத்து இழுத்துப் பாடும் பாட்டு. ராயகிரி செல்வக்குமார் கிட்டார், சங்கரன்கோவில் சாம் கீபோர்டு, பாடுவது ஜாய்லின். வெளிவந்தது ஒரே ஆல்பம். நானூறு பேர் கேட்டிருந்தால் அதிகம். இப்போது எங்கிருந்தோ சில பேர் அதைத் தேடிப்பிடித்துப் பாராட்ட, பெங்களூரில் வேலை பார்க்கும் செல்வக்குமாருக்கு ஆசை கிளம்பிவிட்டது. வெளிவராதவை, மேடையில் பாடியவை, ரீமிக்ஸ் என்று எல்லாவற்றையும் கூட்டி ஒரு தொகுப்பு. மொத்தம் பதினொன்று. ஒரு ரீமிக்ஸில் சாமின் அப்பா ஓட்டிய விசைத்தறியின் சத்தத்தையே தாளமாகப் போட்டிருந்தான் செல்வக்குமார்.

சிக்கல் பதினோராவது பாட்டில்தான். கல்லூரி விழாவில் ஜாய்லின் தானே எழுதி, ஒரே ஒரு தடவை பாடியது. பதிவானது சாமின் ரெக்கார்டரில் மட்டும். இரண்டு வருடத்துக்கு முன் தைராய்டு ஆபரேஷன் முடிந்தபின் அவள் குரல் கம்மியது. திரும்பி வரவில்லை.

பதிவு பரணில் இல்லை. சாம்தான் அழித்தான்.

அவன் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். மகன் திருச்சபைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக வேண்டும் என்பது அம்மா இன்பத்தின் கனவு. அதற்குப் போதகரின் நற்சான்றுக் கடிதம் வேண்டும். அந்த நேரம் பார்த்து, கண்மை போட்ட அவன் போட்டோ சபை வாட்ஸ்அப்பில் சுற்றியது. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்று இவனாகப் பயந்தான். வாலிபர் கூடுகையில், மனம் திருந்தியதை எல்லார் முன்னும் அறிவிக்கும் சாட்சியைச் சொல்ல எழுந்தான். உலகப் பாட்டை விட்டுவிட்டேன், பதிவுகளையெல்லாம் அழித்துவிட்டேன் என்றான். பொய்ச்சாட்சி ஆகிவிடக் கூடாதே என்று அன்று காலையிலேயே ரெக்கார்டரிலும் லேப்டாப்பிலும் அழித்து, பென்டிரைவை அம்மியில் வைத்து நசுக்கியிருந்தான்.

கடிதம் கொடுக்கும்போது போதகர், "பாட்ட ஏன் தம்பி அழிச்சீங்க? சர்ச் கொயருக்குப் பாட வாங்கன்னுதான சொல்ல இருந்தேன்" என்றார்.

கடிதம் வந்தது, வேலை வரவில்லை. இப்போது டியூஷன் சென்டரில் இயற்பியல் எடுக்கிறான்.

வெள்ளிக்கிழமை செல்வக்குமார் போன் செய்தான். "நாளைக்குள்ள வேணும்லே. ஜாய்லின் தெனமும் கேட்டுக்கிட்டு இருக்கா."

செல்வக்குமார் மட்டும் என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருப்பான். மறுநாள் காலை கரிவலம்வந்தநல்லூருக்குப் பஸ் ஏறினான். ஜாய்லின் அங்கே ஆரம்பப் பள்ளி டீச்சர். வகுப்பில் சின்ன மைக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் பாடம் நடத்துகிறாள். லீவு நாள் என்பதால் அது மேசைமேல் கிடந்தது.

"வாலே. கொண்டாந்தியா?" காய்ந்த ஓலை உரசுவதுபோல் இருந்தது குரல்.

"இல்ல."

"ஒங்க வீட்டுப் பரண் என்ன, கோயில் கோபுரமா? எட்டு வருசமா ஏறிக்கிட்டே இருக்க."

அவனால் சிரிக்க முடியவில்லை. "அழிச்சிட்டேன் ஜாய்லின். சபையில சாட்சி சொன்னேம்லா, அன்னைக்குக் காலையில."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நானும் அங்கன இருந்தேன். ஒங்க சபை ஜெபிதாதான் கூட்டிட்டு வந்தா. அழிச்சிட்டேன்னு நீ சொன்னதும் எல்லாரும் ஆமென்னாங்க. நானும் சொன்னேன்."

"பெறவு ஏன் கேட்டுக்கிட்டே இருந்த?"

"சாட்சியில எவம்லே முழுசா உண்மையச் சொல்லுதான்? எங்க மாமா மூணு சாட்சியில சிகரெட்ட விட்டாரு. நீயும் ஒரு காப்பிய ஒளிச்சு வச்சிருப்பேன்னு நெனச்சேன். பரண்ல கெடக்குன்ன. நம்பிட்டேன்."

சாம் தரையைப் பார்த்தான். பொய் சொல்லியிருக்க வேண்டிய ஒரு நாளில் உண்மையைச் சொன்னான். அதற்கப்புறம் உண்மை சொல்ல எட்டு வருடம் இருந்தது.

"மெட்டாவது ஞாபகம் இருக்கா?" என்றாள்.

மேசையில் விரல்களை வைத்து வாசிப்பதுபோல் அசைத்துக்கொண்டே முதல் இரண்டு வரியை முணுமுணுத்தான். மூன்றாவது வரி வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. கை தானாகப் போய் மைக்கை எடுத்துக் கழுத்தில் மாட்டியது. அந்த இரண்டு வரியையே பாடிப் பார்த்தாள். கரகரப்புதான் பெரிதாகக் கேட்டது. சுவிட்சை அணைத்தாள்.

"செல்வத்துக்கு நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

பஸ் ஸ்டாப்பில் நின்று டைப் செய்தான்: 'பாட்டு இல்லை. அழித்தது நான். பரண் என்றது பொய்.' பஸ் ஊருக்குள் நுழையும்போதுதான் பதில் வந்தது. திட்டு இல்லை, கேள்வி இல்லை. பாட்டுப் பட்டியலை மட்டும் திருத்தி அனுப்பியிருந்தான். பத்து. கீழே கீபோர்டு என்ற இடத்தில் சாமின் பெயர் அப்படியே இருந்தது. அது மன்னிப்பா, இல்லை எடுக்க மறந்துவிட்டானா என்று தெரியவில்லை. பட்டியலில் கடைசியாக இப்போது ரீமிக்ஸ்தான் இருந்தது. தொகுப்பு இனி அப்பாவின் தறிச் சத்தத்தில் முடியும்.