நான் பிடுங்கிய செடியும் றோசா அக்காவின் ஒழுங்கையும்

றோசா அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. இருபது வருடமாக, நாங்கள் இருக்கிற வில்லரேப் பகுதியில், ஒரு கார்டெரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளுக்குச் சமைக்கிறார். அவருடைய பிரெஞ்சு முழுவதும் மூன்று வயதுப் பிள்ளைகளோடு கதைத்துப் பழகியது. வா, இரு, சாப்பிடு, கை கழுவு. பெரிய ஆட்களிடமும் அதே பிரெஞ்சுதான். அதை வைத்துக்கொண்டு நகரசபையை அசைக்கப்போகிறேன் என்று அவர் சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த வாய்க்குப் பிறகு நல்லாகக் கிடைத்தது.

எங்கள் வீடுகளுக்குப் பின்னால் சந்துபோல ஒரு ஒழுங்கை இருக்கிறது. அப்போது அது தார் வெடித்து, பள்ளம் விழுந்து, யாரோ எறிந்த மெத்தையும் உடைந்த கதிரையுமாகக் கிடந்தது. முந்திய வருடம் தை மாதம், அந்தப் பள்ளத்தில் உறைந்திருந்த பனியில் வழுக்கி விழுந்து அக்காவின் மனுசன் பற்றிக் அண்ணை இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். டொக்டர்மார் எலும்பைப் பொருத்தி, தடி பிடித்துத் தினமும் நடக்கச் சொன்னார்கள். அண்ணை படி இறங்கவே மாட்டேன் என்றுவிட்டார். ஞாயிறு பூசையில் கோயிலில் பாட எழுந்தால் மைக் தேவைப்படாத மனுசன், யன்னலோரம் இருந்துகொண்டு எதைக் கேட்டாலும் ‘ம்’ என்றார். அவ்வளவுதான்.

“இந்த ஒழுங்கை திருந்தவேணும். இவர் கீழ இறங்கி நடக்கவேணும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம், ஜெயனி,” என்றார் அக்கா.

தாரைக் கிளறி எடுத்து, மண் போட்டு, மரம் நட்டு, ஆட்கள் உட்கார்ந்து இளைப்பாற ஒரு வாங்கும் வைத்துத் தர நகரசபை தயாராக இருந்தது. ஆனால் ஒழுங்கைக்குப் பின்வாசல் உள்ள வீட்டுக்காரரில் பாதிக்கு மேல் கையெழுத்துப் போடவேண்டும். அக்கா வேலை முடிந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் வீடு வீடாகப் படி ஏறினார். கதவு திறந்தால், “பொன்ஜூர். பார். கையெழுத்துப் போடு.” சிலர் சிரித்துக்கொண்டே போட்டார்கள். ஒழுங்கைக்காரரில் எங்கள் தமிழாள் யோகேந்திரன்தான் ஆகப் பெரிய தலையிடி. தன் வான் நிறுத்த இடம் போய்விடுமாம். நாலு தரம் கதவைச் சாத்தினார். ஐந்தாம் தரமும் அக்கா போய் நின்றார்.

“அக்கா, நீங்கள் விடமாட்டியளோ?”

“மாட்டன். இந்தா பேனை.”

உடும்புப்பிடி என்றால் அதுதான், ஆள் போட்டுவிட்டார். கடைசியில் எண்ணிப் பார்த்தால், பாதியைவிட ஒரேயொரு கையெழுத்துக் கூட. ஒருவர் பின்வாங்கினாலும் எல்லாம் போச்சு.

ஆனியில் ஒரு திங்கட்கிழமை நகரசபை ஆட்கள் இடம் பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு முந்திய சனிக்கிழமை அக்கா சிரமதானம் என்று அறிவித்தார். கோயில் சனம் தும்புத்தடியும் மண்வெட்டியுமாக வந்து இறங்கியது. யோகேந்திரன் மட்டும் வரவில்லை. எங்களுக்குத் துப்புரவு என்றால் தெரியும்தானே, ஒரு புல் இல்லாமல் மண் தெரியக் கூட்டவேண்டும். எதிர்ப்பக்கம், கையெழுத்துப் போட்டிருந்த பிரெஞ்சுக்கார மனுசி ஜிசெல் அம்மாவின் வேலியோரம் இடுப்பளவுக்கு ஒரு பற்றை. ஒன்றை முறித்தேன், பால் வடிந்தது. ஐயோ, எருக்கலை! பாழடைந்த வீட்டில் முளைக்கிற சாமான்! பாவம் இந்த மனுசி, ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லையாக்கும் என்று, புண்ணியம் செய்கிற நினைப்பில் முழுவதையும் பிடுங்கிக் குவித்தேன். கை கழுவ வீட்டுக்குள்ளேயும் போய்விட்டேன்.

திரும்பி வர, ஜிசெல் அம்மா அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார். அது எருக்கலை இல்லை. ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி ஒன்று அந்தச் செடியில் மட்டும்தான் முட்டையிடுமாம். அதற்காக மூன்று வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்தவராம். “என் பெயரை வெட்டிவிடுங்கள்,” என்று சொல்லிவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினார்.

எனக்கு வந்த பயத்தில் கோபம்தான் முந்தியது. “ஒரு பற்றைக்கு இவ்வளவு எடுப்போ!” என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். “அவவுக்கு அது பற்றை இல்லை. பிழை எங்கட. வாயை மூடிக்கொண்டு வா.”

அன்று பின்னேரமே போனோம். நான் கீழ்ப்படியில் நின்றுவிட்டேன். அக்கா மேலே போய்த் தட்டினார். “நான் பிடுங்கினேன். பார்தோன்.” கார்டெரியில் மற்றப் பிள்ளைக்கு அடித்த பிள்ளை மன்னிப்புக் கேட்கிற அதே தொனி. கதவு திறக்கவில்லை. ஞாயிறு காலை கோயிலுக்குப் போகும் வழியில் மறுபடியும் அதே படி, அதே வார்த்தை. யன்னல்திரை கொஞ்சம் அசைந்ததோடு சரி. நான்தான் பிடுங்கினேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கக்கேடு.

பூசை முடிய அக்கா வீட்டுக்குத் திரும்பவில்லை. “லவாலுக்குப் போறம்,” என்றார். மெற்றோவும் பஸ்ஸும் பிடித்து, நாற்று விற்கிற கடைக்குப் போய், பிடுங்கியதில் ஒரு இலையைக் கடைக்காரியிடம் நீட்டினார். “பார். தா.” ஆறு கன்று கிடைத்தது. இருவரும் மும்மூன்றாக மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். நேரே நட்டுவிடலாம் என்றேன்.

“கேளாமல் பிடுங்கினது காணாதோ? இனிக் கேளாமல் நடவும் வேணுமோ?”

மூன்றாம் தரம் தட்டினார். “நான் பிடுங்கினேன். பார்தோன். எங்கே நட? சொல்.”

கதவு திறந்தது. ஜிசெல் அம்மா கன்றுகளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கீழே நின்ற என்னையும் பார்த்தார். இறங்கி வந்து விரலால் இடம் காட்டினார். நான் முழந்தாளில் இருந்து கிண்டினேன். இரண்டாவது குழியில் என்னால் தாங்கமுடியவில்லை.

“மடாம், அக்கா இல்லை. நான்தான் பிடுங்கினேன்.”

“தெரியும்,” என்றார் ஜிசெல் அம்மா. “யன்னலால் பார்த்தேன். சத்தம் போட்டுக்கொண்டு இறங்கி வருவதற்குள் முழுவதையும் முடித்துவிட்டாய்.” பிறகு மண்ணை விலக்கி, கீழே அறுபடாமல் கிடந்த வெள்ளை வேரைக் காட்டினார். அது தானாகத் திரும்பி வருமாம். அக்காவிடம் திரும்பி, “மூன்று தரம் வந்து எனக்குப் பொய் சொன்னாய்,” என்றார். “என் பெயர் இருக்கட்டும். வெட்டவேண்டாம்.”

நான் அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே இருந்து அழுதுவிட்டேன்.

திங்கள் வந்த நகரசபை ஆட்கள் சம்மதித்தாலும், அடுத்த வருடம் புரட்டாதியில்தான் வேலை முடிந்தது. தார் போய்ப் பாதை மட்டமானது. ஜிசெல் அம்மாவின் வேலியோரம், அந்தச் செடிகளுக்குப் பக்கத்தில், ஒரு வாங்கு. ஒரு சனிக்கிழமை அக்கா பின்கதவைத் திறந்துவைத்து, மனுசனைப் பார்த்துப் பிரெஞ்சிலேயே சொன்னார்: “வா.” பற்றிக் அண்ணை தடியை எடுத்தார். ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று இறங்கினார். வாங்குவரை நடந்துபோய் இருந்தார். அக்கா என்ன கேட்டாலும் பழைய ‘ம்’தான்.

அந்த நேரம் பார்த்து யோகேந்திரன் தும்புத்தடியோடு வந்தார். ஒழுங்கை வடிவானபிறகு அதைக் கூட்டுவதில் அவரைவிட ஆளில்லை. வேலியோரம் குனிந்தார். “என்ன இது, எருக்கலை மாதிரிக் கிடக்கு. காய்ஞ்சும் போச்சு. பிடுங்கி எறியட்டோ?”

“டேய் யோகேந்திரன்! எடடா கையை!”

ஒழுங்கை அதிர்ந்தது. யோகேந்திரன் தும்புத்தடியைக் கீழே போட்டார். ஜிசெல் அம்மா யன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். பற்றிக் அண்ணை தடியைத் தூக்கிப் பிடித்தபடி, கழுத்து நரம்பு புடைக்க நின்றார். வாங்கில் இருந்த மனுசன் எப்போது எழும்பினார் என்று ஒருவருக்கும் தெரியாது.

அக்கா பின்படியில் அப்படியே இருந்துவிட்டார். முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு சிரித்தாரோ அழுதாரோ, எனக்குப் பிடிபடவில்லை.

“கேட்டியே ஜெயனி,” என்றார். “அவற்ற குரல்.”