பெரட்டுத் தப்புக்கு எழுந்த கால்கள்

பின்னாளில் கொழும்பிலும் சென்னையிலும் புதுவகை நாட்டியம் அமைத்துப் பேர் வாங்கிய என் சித்தப்பா, ஹட்டனுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆடிய முதல் ஆட்டம் படுதோல்வி. அன்று எனக்கு மானமே போய்விட்டது. மானம் போகிற வயதுகூட எனக்கு அப்போது ஆகவில்லை.

நாடகக் கம்பெனியோடு ஓடிப்போய் இந்தியாவில் ஆடக் கற்றவர், தலைமுடியை வளர்த்துக்கொண்டு, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்பியிருந்தார். சாமி கதை இல்லாமல், கொழுந்து பறிக்கிற பெண்களின் ஒரு நாளை ஆடப்போகிறாராம். அப்பா ஒரே பேச்சாகச் சொன்னார்: "ஆடிக்கடா. சனம் ஏத்துக்கலன்னா ஆட்டத்த விட்டுட்டு நாளைக்கே என்னோட தேயிலச் செடி கவ்வாத்து வெட்ட வந்துரணும்." சித்தப்பாவும் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பெரட்டுக் களத்தில் ஆட்டம். விடியற்காலையில் தப்படித்து ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம் அது. சனமெல்லாம் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தது. சித்தப்பா அம்மாவின் கூடைக்கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். ஆம்பிளைகள் கொழுந்துக்கூடை தொடாத காலம். பக்கத்துப் பிள்ளைகள் என்னை இடித்து இடித்துச் சிரித்தார்கள். நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டேன்.

விடியலைக் காட்டுவதற்காக, தப்புக்காரரிடம் பெரட்டுத் தப்பையே அடிக்கச் சொல்லியிருந்தார். அங்கேதான் கோளாறு. தப்புச் சத்தம் கேட்டதும் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். எழுந்தது மட்டுமா, நடந்துபோய்க் களத்தில் வரிசைகட்டியும் நின்றார்கள். குனிந்திருந்த என் கண்முன்னால் வெடித்த பாதங்கள் கடந்துபோயின. முதலில் போனவை அம்மாவுடையவை.

மேற்பார்வை செய்யும் கண்டாக்கையா விழுந்து விழுந்து சிரித்தார். பெண்கள் வெட்கிப்போய்ச் சாக்கைச் சுருட்டிக்கொண்டு கலைந்தார்கள்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி, காலு தானா வந்துருச்சு" என்றாள் அம்மா.

எனக்குச் சித்தப்பாவை நினைத்து வெட்கம், அம்மாவை நினைத்து அதைவிட வெட்கம். இந்தக் குடும்பத்தில் போய்ப் பிறந்தோமே என்று அழுகை வந்தது.

சித்தப்பா கூடையோடு என் பக்கத்தில் வந்து குந்தினார். அவரும் அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"பாப்பா, எந்திரிச்சு வர்றப்ப ஒங்கம்மா எந்தக் கால மொதல்ல வச்சாங்க? நான் மொகத்தையே பாத்துட்டு நின்னுட்டேன்."

எனக்குத் தெரிந்ததே அது ஒன்றுதான். "எடது காலு. எல்லாருமே எடது காலுதான்" என்றேன்.

மறுநாள் சொன்ன சொல் தவறாமல் கவ்வாத்துக் கத்தியோடு பெரட்டுக்கு வந்தார். பேர் கூப்பிட்டது காதில் விழாமல் பெண்களின் கால்களையே பார்த்து நின்று திட்டும் வாங்கினார். தோற்றுப்போன மனுசனுக்கு முகத்தில் ஏன் அத்தனை சந்தோஷம் என்று எனக்குப் புரியவில்லை. அதுவும் ஒரு மானக்கேடாகவே பட்டது.

அந்த வேலையில் அவர் வெகுநாள் நிற்கவில்லை. பல வருடம் கழித்துக் கொழும்பு மண்டபமொன்றில் அவருடைய நாட்டியம் பார்க்க அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். திரை விலகியது, பெரட்டுத் தப்பு ஒலித்தது. மேடையில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருசேர எழுந்து இடது காலை எடுத்துவைத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் அம்மாவின் இடது காலும் தானாக முன்னால் நகர்ந்தது.

அன்று களத்தில் வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள் இல்லை என்பது, தலையைத் தொங்கப்போட்டிருந்த அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை.