ஒழுங்கைக்குள் ஒரு மாடிப்படி

காத்தான்குடியில் வாவிக்கரைப் பக்கம் முகைதீன்பாவாவைத் தெரியாதவர் இல்லை. சைக்கிளில் சாரன் துணி விற்கிற மனிதர்; ஊருக்கே அண்ணன், 'காக்கா'. வாய் கொஞ்சம் நீளம். அவர் வீட்டுச் சுவரோரமாகக் கரைக்கு இறங்கும் ஒடுக்கமான ஒழுங்கையை ஒரு பணக்காரர் தன் நாலுமாடிக் கட்டடத்துக்காகக் கேற் போட்டு அடைத்தபோது, அதன் நடுவே கதிரையைப் போட்டு உட்கார்ந்தவர் அவர்தான். "கரை ஒங்கட வாப்பாட சொத்தா?" என்று போட்ட சத்தத்தில் ஊரே கூடிவிட்டது. கேற் கழன்றது. தோணிக்காரர் வலையோடும் பெண்கள் அழுக்குத் துணியோடும் பழையபடி கரைக்குப் போனார்கள்.

நாட்டில் சண்டை தொடங்கிய பிறகு அக்கரை வயல்காணிகளுக்கு யாரும் போக முடியவில்லை. ஊர் அகலத்தில் வளர வழியில்லை. பெண்பிள்ளைகளோ வளர்ந்துகொண்டே இருந்தார்கள். வீடு கொடுக்காமல் மகளுக்குக் கலியாணம் பேச இங்கே யாருக்குத் துணிவு வரும்? ஆகவே வீட்டுக்கு மேல் வீடு கட்டினார்கள். இரண்டாயிரத்து மூன்றில், சண்டை ஓய்ந்து சோதனைச் சாவடியில் சீமெந்தை மறிக்காமல் விட்ட நாட்களில், முகைதீன்பாவாவும் கடைசி மகள் றஸீனாவுக்காக மூன்றாவதாக மேல்வீட்டை எழுப்பினார். கீழ்வீடு மூத்தவளுக்கு, நடுவீடு இரண்டாமவளுக்கு என்று எப்போதோ கொடுத்தாயிற்று. அவரும் மனைவி ஸஹீதாவும் கீழே ஓடு போட்ட பின்னறையில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள்.

சுவர் எழும்பிய பிறகுதான் மேசன் கச்சி முகம்மது தலையைச் சொறிந்தார்.

"காக்கா, மேல போக எங்கால படி வைக்கிற?"

இருந்த படி நடுவீட்டுக் கூடத்தோடு முடிந்தது. அதற்கு மேலே போவதென்றால் இரண்டாம் மருமகனின் கட்டிலைத் தாண்டித்தான் போகவேண்டும். இதை யாரும் யோசிக்கவே இல்லை.

"ஒழுங்கைக்குள்ள எடுத்தாச் சரி வரும்," என்றார் மேசன். படி வந்தால் ஓராள் ஒருக்களித்துப் போகலாம். தோளில் வலையைக் காவிக்கொண்டு போக முடியாது.

முகைதீன்பாவாவின் முகம் கறுத்தது. "ஊரார்ர ஒழுங்கைக்காகப் புள்ளட கலியாணத்த நிப்பாட்டப் போறீங்களா?" என்று ஸஹீதா பிடித்துக்கொண்டாள்.

அயலவரைக் கேட்கக் கிளம்பினார். யாராவது ஒருவர் 'முடியாது' என்று கத்தமாட்டாரா என்றுதான் உள்ளுக்குள் ஏங்கினார். ஒருவரும் கத்தவில்லை. "ஒங்களுக்கில்லாததா காக்கா, நாங்க சுத்திப் போறம்," என்றார்கள் தோணிக்காரர்கள். கடைசியாக, கரையில் பன்புல் வெட்டிப் பாய் இழைக்கும் றபீக்காவிடம் போனார். புருசனை இழந்தவள்.

"கட்டுங்க காக்கா. எனக்கும் கட்டிக் குடுக்க ரெண்டு கொமர் இரிக்கி. நாளைக்கு நானும் இதுக்குள்ளதானே படி எடுக்கணும். நீங்க எடுத்தாப் பொறகு என்னய ஆரு கேள்வி கேக்கப் போறா?"

அவள் வெள்ளை மனதோடுதான் சொன்னாள். முகைதீன்பாவா ஒழுங்கையின் இரு பக்கமும் வீடுவீடாகப் பார்த்தார். ஒழுங்கையில் கொமர் இல்லாத வீடு எது? ஆளுக்கொரு படி எடுத்தால் கரைக்கு வழி ஏது? பணக்காரரோடு சண்டை பிடிக்கலாம். கொமர்ப்பிள்ளைகளோடு யார் சண்டை பிடிப்பது?

திரும்பி வந்து மேசனிடம் சொன்னார்: "பின்னறை ஓட்டக் கழட்டுங்க. படி அதுக்குள்ளால ஏறட்டும்."

"அப்ப நீங்களும் மச்சியும் எங்க படுக்கிற?"

முகைதீன்பாவா மனைவியை நிமிர்ந்து பார்க்கப் பயந்தார். ஸஹீதா அறைக்குள் போய்த் தலையணைகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"படிக்குக் கீழ எடம் வரும்தானே," என்றாள் மேசனிடம். "நிமிந்து இரிக்க ஏலாட்டியும் பரவாயில்ல. ரெண்டு பேர் காலை நீட்டிப் படுக்கிற மாதிரி எடுங்க."