கூரை தொடாத சுவர்

இலங்கை மலைநாட்டில், நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருந்த கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்தின் பணிய லயத்தில் ஒரே வரிசையாகப் பன்னிரண்டு காம்பராக்கள், ஒற்றை அறை வீடுகள். ஏழாவதில் பழனியாண்டி இருந்தார். எட்டாவதில் அவருடைய தங்கை அம்மாக்கண்ணு, புருஷன் சோலைமலையோடு இருந்தாள். இரண்டுக்கும் நடுவில் இருந்த சுவர் ஆறடி உயரம். அதற்கு மேல் கூரைத் தகரம் வரைக்கும் வெறும் இடைவெளி. ஒரு வீட்டுப் புகை அடுத்த வீட்டுக்கும் போகும், சண்டையும் போகும். மற்ற வீட்டுக்காரர்கள் அந்த இடைவெளியைச் சாக்கு கட்டி மறைத்திருந்தார்கள். அம்மாக்கண்ணு மறைக்கவில்லை.

விடியற்காலையில், வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குத் தப்பு அடிக்கும் முன்னே, அவள் அகப்பையால் சுவரில் இரண்டு தட்டு தட்டுவாள்.

"அண்ணே, எழும்பிட்டீங்களா? இல்ல, தொரையை இங்க வந்து பெரட்டு வைக்கச் சொல்லவா?"

"வரச் சொல்லு. அவருக்கும் ஒரு தேத்தண்ணி ஊத்து."

பலகை மேல் ஏறி நின்று அவள் குவளையைச் சுவருக்கு மேலே நீட்டுவாள். அந்தப் பக்கமிருந்து ஒரு கை வந்து வாங்கும்.

"சீனி போட்டியா, இல்ல சீனின்னு பேரைச் சொல்லி ஊதினியா புள்ள?"

அம்மாக்கண்ணுவின் நாள் அந்தக் கேள்வியோடுதான் தொடங்கும். அதில் முறிவு விழுந்தது ஒரே ஒரு தடவை. பதின்மூன்று மாதமும் பதினோரு நாளும்.

1939 ஜனவரிக் கடைசியில் இந்தியாவில் முசிறியிலிருந்து கடிதம் வந்தது. அப்பா செத்த பிறகு ஊருக்குத் திரும்பியிருந்த அம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதாம், பார்க்க ஆள் இல்லையாம். தாய்க்குப் பெண்பிள்ளைதான் பார்க்க வேண்டும் என்று அம்மாக்கண்ணு துணி மூட்டை கட்டினாள். அப்போது அவளுக்கு ஏழு மாதம். பழனியாண்டி மூட்டையைப் பிடுங்கி அவிழ்த்தார்.

"இந்த வயித்தைத் தூக்கிக்கிட்டு நீ ஏறினா கப்பலே சாஞ்சிரும். நான் போறேன்."

பிப்ரவரி 9, வியாழக்கிழமை அவர் புறப்பட்டார். அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, தலைவாரிப் பின்னிவிட்டதெல்லாம் அவர்தான். அம்மாவை எடுத்துப் போட்டு, காரியம் முடித்து, கப்பலேறும் முன் சோதனைக்காக மண்டபம் முகாமில் தங்கித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது 1940 மார்ச் 20. அதற்குள் அவருக்குப் பேசி வைத்திருந்த பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். பிறகு அவர் பெண் பார்க்கச் சம்மதிக்கவே இல்லை. முந்தின ஏப்ரலில் பிறந்திருந்த தங்கை மகள் நாகலெட்சுமிக்கு முடி வளர்ந்ததும், பின்னிவிடுவது மாமனின் வேலையாயிற்று. அம்மாக்கண்ணுவைவிட அவர்தான் இறுக்கிப் பின்னுவார்.

1948-ல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து ஆட்களை எந்த நாட்டு உரிமையும் இல்லாதவர்களாக்கியது. 1951-ல் எல்லோரையும் போல அவர்களும் உரிமை கேட்டு மனு போட்டார்கள். விசாரணைக்கு ஹட்டனுக்குக் கூப்பிட்டது 1955 ஜூன் 14, செவ்வாய்க்கிழமை. சோலைமலையின் மனுவும் அன்றைக்குத்தான். அது கால் மணியில் முடிந்தது. அடுத்துப் பழனியாண்டி போனார். அம்மாக்கண்ணு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தே இருந்தது.

"நீங்கள் இந்த நாட்டிலேயே இருந்தவர் என்பதற்கு என்ன அத்தாட்சி?" மொழிபெயர்க்க வந்தவர் கேட்டார்.

பழனியாண்டி மடியிலிருந்து துணிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். திரும்பி வந்த தேதி போட்டு மண்டபம் முகாமில் கொடுத்த அட்டை. பதினைந்து வருஷமாகத் தகரப்பெட்டியில் மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். போனவன் திரும்பி வந்தேன் என்பதற்கு அதைவிட என்ன வேண்டும் என்பது அவர் எண்ணம்.

"பாருங்கய்யா. ஊர்லயே இருந்திருக்கலாம். வீடு இருந்துச்சு. ஆனா தங்கச்சி இங்க இருக்காளேன்னு வந்துட்டேன்."

"போனது எப்போது?"

அவர் தேதியும் கிழமையும் சேர்த்துச் சொன்னார். அதிகாரி அட்டையைப் பார்த்து விரல்விட்டு எண்ணினார். பிறகு இன்னொரு தரம் எண்ணினார். அப்போதுதான் பெஞ்சில் அம்மாக்கண்ணுவும் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினாள். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டை விட்டுப் போயிருந்தால், தொடர்ந்து வசித்ததாக ஆகாது என்பது சட்டம்.

நான்கு மாதத்தில் சோலைமலை குடும்பத்துக்கு உரிமை வந்தது. பழனியாண்டிக்கு மறுப்புக் கடிதம் வந்தது.

கணக்கப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார். "அந்த அட்டையை யாருய்யா காட்டச் சொன்னா? பதினோரு மாசம்னு சொல்லிட்டு வந்திருக்கலாமே!"

"அம்மாவோட இருந்த நாளைக் கொறச்சுச் சொல்லச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, அவர் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார்.

பிறகு கள்ளத்தோணியில் வந்தவர்களைத் தேடுகிறோமென்று பொலிஸ் லயங்களுக்கு வரத் தொடங்கியது. ஏதாவது ஒரு காகிதம் கையில் இருக்கட்டும் என்று 1957-ல் கண்டிக்குப் போய் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தார். அதில் குத்தியது தற்காலிக விசா. இரண்டு தடவை நீடித்தார்கள், மூன்றாம் தடவை இல்லை, நாட்டை விட்டுப் போக வேண்டும் என்றார்கள்.

1964 மே 17, ஞாயிற்றுக்கிழமை. ஹட்டன் ஸ்டேஷனில் அம்மாக்கண்ணு அவர் பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபத்தைந்து வருஷமாக வாயில் வராதது அன்றைக்கு வந்தது.

"அன்னிக்கு நான் போயிருந்தா, இன்னிக்கு நீங்க இங்கயே இருந்திருப்பீங்க."

"ஆமா. ஒன்னையத்தான் ரயில் ஏத்திவிட்டுட்டு நான் இங்க நின்னுக்கிட்டிருப்பேன். அது மட்டும் நல்லாவா இருக்கும்? பெட்டியை விடு புள்ள, கைப்பிடி பிஞ்சிரும்."

அவள் விட்டாள்.

ஏழாம் காம்பராவுக்குப் புதுசாகக் கட்டிக்கொண்ட ஒரு ஜோடி வந்தது. வந்த அன்றே இடைவெளியை அடைத்துச் சாக்கு கட்டினார்கள். அம்மாக்கண்ணு அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆணி மட்டும் இரவல் கொடுத்தாள்.

ஜூலை மாதம் முசிறியிலிருந்து முதல் கடிதம் வந்தது. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த நாகலெட்சுமி அடுப்படியில் உட்கார்ந்து படித்தாள்.

"அன்புள்ள தங்கச்சிக்கு. சுகம். அம்மா இருந்த தெருவிலேயே ஓர் அறை கிடைத்தது. நல்ல கல் வீடு. சுவர் கூரை வரைக்கும் போகிறது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. விடியற்காலம் தானாக எழும்பப் பழகுகிறேன். நாகலெட்சுமிக்குத் தலை பின்னும்போது இறுக்கிப் பின்னவும்."

"அந்தச் செவரைப் பத்தின எடத்தை இன்னொருக்காப் படி."

நாகலெட்சுமி படித்தாள். அம்மாக்கண்ணு நிமிர்ந்து சாக்கைப் பார்த்தாள்.

"பதில் எழுது. எழும்பிட்டீங்களான்னு கேட்டேன்னு எழுது."

"கடுதாசி போய்ச் சேர பத்து நாள் ஆகுமேம்மா."

"ஆகட்டும். எழுது."