டேவிஸின் ஏதென்ஸ் வாரம்

என் தம்பி டேவிஸ் மைசூரில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சரித்திர வாத்தியார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். எட்டாவதோடு நின்ற நான், தையல் மிஷினை மிதித்து அவனைப் படிக்க வைத்தேன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

பழைய கிரேக்கர்களின் பாடம் வந்தால் புத்தகத்தை மூடிவிடுவான். ஒரு வாரத்துக்கு வகுப்பே ஏதென்ஸ் நகரம். பிள்ளைகள் பைக்குள் கைவிட்டு ஆளுக்கொரு மொச்சை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் குடிமகன். சபையில் பேசலாம், கை தூக்கி ஓட்டுப் போடலாம். சிவப்பு வந்தால் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவன். வரி கட்டலாம், சண்டைக்குப் போகலாம், ஓட்டு மட்டும் கிடையாது. கறுப்பு வந்தால் அடிமை. எல்லோருடைய தண்ணீர் பாட்டிலையும் நிரப்பி வர வேண்டும். அசல் ஏதென்ஸில் பெண்களுக்கும் சபையில் இடமில்லை என்பதையும் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பான். தெரிந்ததை மறைத்துப் பாடம் நடத்த அவனுக்கு வராது. தேவராஜா மார்க்கெட்டில் மொச்சை வாங்கி, கைக்கு வித்தியாசம் தெரியாதபடி ஒரே அளவாகப் பொறுக்கிக் கொடுப்பது என் வேலை.

"ஒரு வாரம் கீழே இருந்து பாத்தாத்தான் அக்கா, யார் ஆள்றாங்க, யாரை ஆள்றாங்கன்னு புரியும்" என்பான்.

போன வருஷம் கறுப்பு எடுத்தவர்களில் நகைக்கடைக்காரர் மகன் உமேஷும் இருந்தான், மனிஷாவும் இருந்தாள். மனிஷாவின் அம்மா சரசு அதே பள்ளியில் கக்கூஸ் கழுவுகிறவள். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

வாரம் முடிந்தது. உமேஷ் பாட்டில்களைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிட்டான். மனிஷாவிடம் மட்டும் பாட்டில்கள் வந்துகொண்டே இருந்தன. "நீரு" என்று கன்னடத்தில் ஒரு சொல், அவ்வளவுதான், எடுத்துக்கொண்டு போவாள். எல்லாம் இடைவேளையில் நடந்ததால் டேவிஸ் கண்ணில் படவில்லை. தசரா லீவு முடிந்து பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. ஏன் என்று வகுப்பில் கேட்டிருக்கிறான். உமேஷ்தான் எழுந்து சொன்னானாம்: "அவளுக்கு ஏதென்ஸ் இன்னும் முடியல சார்."

அன்று சாயங்காலமே மண்டி மொஹல்லாவில் அவர்கள் வீட்டுக்குப் போனான். கூட நானும் போனேன்.

"தப்பு என்னுதும்மா. அவளை அனுப்புங்க. இனி யாரும் அவகிட்ட பாட்டில் நீட்ட மாட்டாங்க" என்றான் சரசுவிடம்.

"உங்க முன்னால நீட்ட மாட்டாங்க சார். எம் புள்ள கை நெறையப் பாட்டிலத் தூக்கிட்டுப் போறத நானே பாத்தனுங்க. கேட்டா வெளையாட்டுன்னா. எத்தன நாளைக்குங்க வெளையாட்டு?"

மனிஷா கதவோரம் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்: "சார், ஒரு சந்தேகம். அடிமையை விடுதலை பண்ணிட்டா, அவன் சபையில உக்காரலாமா?"

ஆமாம் என்று சொல்லிவிடேன்டா என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

"இல்ல மனிஷா. விடுதலையானாலும் வெளியூர்க்காரன் கணக்குதான். வரி கட்டணும். சபைக்குள்ள போக முடியாது."

"அவன் பிள்ளைங்க?"

"அவங்களும்தான்."

நாரை அறுத்து முடிச்சுப் போட்டாள். "அப்ப நான் வரல சார்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

தெருவுக்கு வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா என்னடா? செத்துப்போன கிரேக்கன் எழுந்து வந்து கேக்கவா போறான்?"

"பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போயி, மறுபடியும் அதே பெஞ்சுல உக்கார வைக்கவா அக்கா?"

பிறகும் பலமுறை போய்க் கூப்பிட்டான். அவள் வரவில்லை. சரசுவும் பள்ளி வேலையை விட்டுவிட்டாள். இப்போது அம்மாவும் மகளும் கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவுகிறார்கள். அந்தக் கேள்விக்கும் உள்ளதைத்தான் சொன்னான் என்பதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. என் பெருமையால் மனிஷாவுக்கு ஆனது ஒன்றுமில்லை.

இந்த வருஷம் அந்தப் பாடம் வந்தபோது என்னிடம் மொச்சை கேட்கவில்லை. புத்தகத்தைத் திறந்து வரிவரியாக வாசித்தானாம். "விளையாட்டு இல்லையா சார்?" என்று புது வகுப்புப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள்.

"போன வருஷத்து விளையாட்டே இன்னும் முடியலப்பா" என்று சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டினானாம்.