கடைசியில் வருகிறவள் சொன்னது

எங்கள் குதிரைக் கூட்டத்தில் தலைவர் கடைசியில் வருவார். முன்னால் போகிறவருக்கு வழி தெரிந்தால் போதும். பின்னால் வருகிறவருக்கு எல்லாம் தெரியவேண்டும். எந்தக் குதிரை பின்னங்காலை இழுக்கிறது, யாருடைய சேணம் ஒரு பக்கம் சரிகிறது, யார் பயத்தில் தோளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் "நிறுத்து" என்றால் எல்லோரும் நிறுத்தவேண்டும். ஏன் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது கடையநல்லூர்த் தம்பி. வளைகுடாவில் யாரோ ஒரு முதலாளியின் லாயத்தில் பல வருஷம் குதிரை பார்த்துவிட்டுத் திரும்பியவன். கூடப் போனவர்கள் மாடி எடுத்துக் கட்டினார்கள். இவன் ஒரு செவலைப் பெண்குதிரை வாங்கினான்.

"அவனவன் அங்கருந்து தங்கம் கொண்டாருதான். நீ இங்கனயும் வந்து லத்தி அள்ளுதியேலே" என்பார் பாவூர்சத்திரம் அண்ணாச்சி. காய்கறிக் கமிஷன் கடைக்காரர். தக்காளி ஏலத்தை முடித்துவிட்டு, சட்டையில் மல்லித்தழை வாசத்தோடு வந்து தன் வெள்ளைக் குதிரையில் ஏறுவார். அது ஒரு பெருமூச்சு விடும்.

"பல்லாரி வெங்காய மூட்டைன்னு நினைச்சுட்டு, அண்ணாச்சி" என்பான் தம்பி.

"சிரிலே, சிரி."

நான் தென்காசியில் அலுவலக நாற்காலியில் தேய்கிறவள். இருக்கிற இடத்தில் இருக்கத் தெரியாத கால்கள் எனக்கு. மழையைப் பார்த்தால் மலைக்கு, மலையைப் பார்த்தால் அதற்கு அந்தப் பக்கத்துக்கு. நாற்பத்தெட்டு வயதில் குதிரை ஏறினேன், விழுந்தேன், ஏறினேன். கூட்டத்தில் நான்தான் மெதுவாக வருவேன். ஆகவே கடைசி. ஆகவே தலைவி.

"உங்க வேகத்துக்கு வேற பதவி கிடையாதுக்கா" என்றான் தம்பி. ஒவ்வொரு ஞாயிறும் கிளம்புமுன் என் குதிரையின் வயிற்று வாருக்கடியில் இரண்டு விரலை நுழைத்துப் பார்ப்பான். "ஒரு துளை இறுக்கணும்க்கா." இறுக்குவான். குற்றாலம் போகிற சாலையை ஒட்டிய தென்னந்தோப்பிலிருந்து கிளம்புவோம். அண்ணாச்சி, அவருக்குப் பின்னால் செவலை, அதற்குப் பின்னால் நான். மூன்று குதிரை, ஒரு சாரல்.

அந்த ஞாயிறும் சாரல்தான். மலை இருந்த இடத்தில் மேகம் இருந்தது. செவலை புல்லைத் தொடவில்லை. கழுத்தைத் திருப்பித் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தது, அங்கே யாரோ கூப்பிடுவதுபோல. முன்னங்காலால் மண்ணைப் பறித்தது. படுத்துப் புரளப் பார்த்தது.

"படுக்க விடக்கூடாது. நடத்துங்க" என்றான் தம்பி. அவன் குரலில் அப்படி ஒரு வறட்சியை நான் கேட்டதில்லை.

நடத்தினோம். அவன் முன்னால் கயிற்றோடு, அண்ணாச்சி பக்கவாட்டில் அதன் தோளில் கைவைத்து, நான் பின்னால். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. உள்ளே போனது உள்ளேயே கிடந்து முறுக்கும். மாடு, வலித்தால் கத்தும். குதிரை நடக்கும்.

கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டார். மூக்கு வழியாகக் குழாய் விட்டார். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். கறுத்துக்கொண்டு வந்தது.

"குடல் முறுகிட்டு. இந்த மருந்து வலிய அமத்தும், அதுவும் கொஞ்ச நேரந்தான். ஆபரேஷனுக்குப் பெரிய ஊருக்குப் போகணும், வழி தாங்கமாட்டா." குழாயைச் சுருட்டிப் பையில் வைத்தார். "இன்னொரு ஊசி இருக்கு. நீங்க சொன்னா, போட்டுருதேன்."

தம்பி கயிற்றை இழுத்தான். "நடக்குதாள்லா டாக்டர். பாருங்க, நடந்துட்டுத்தான இருக்கா."

நடந்தது. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தது. முன்னாலிருந்து பார்த்தால் கண்ணும் காதும்தான் தெரியும். அவன் "என் தங்கம், வா, வா" என்று பின்னோக்கி நடக்க, காது ஒவ்வொரு தடவையும் அவன் பக்கம் திரும்பியது. பின்னாலிருந்து நான் வேறு குதிரையைப் பார்த்தேன். பின்னங்குளம்புகள் எழும்பவே இல்லை. ஈரச் செம்மண்ணில் ஏர் ஓட்டினாற்போல இரண்டு கோடுகள். தொடை நடுங்கி, வியர்வை சாரலோடு சேர்ந்து ஆவியாகிக்கொண்டிருந்தது. அவன் கூப்பிடுகிறான் என்பதற்காக மட்டும் ஒரு உடம்பு போய்க்கொண்டிருந்தது.

அண்ணாச்சி திரும்பி என்னைப் பார்த்தார். "ஏ தங்கச்சி, நீங்கதானே பின்னால வாரீய."

இன்னொரு சுற்று. இன்னொரு தென்னை. சொல்லாமல் இருக்கலாம். தானாக விழும்வரை நடக்கட்டும் என்று விட்டுவிடலாம். அப்போது யார் சொன்னதாகவும் இருக்காது.

"நிறுத்து."

மெல்லத்தான் வந்தது. சாரலில் கேட்டிருக்காது என்றுகூட நினைத்தேன்.

தம்பி நின்றான். திரும்பவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. செவலையின் நெற்றியில் நெற்றியை வைத்துக்கொண்டான். அது முன்னங்கால்களை மடித்து, ரொம்ப நேரமாகக் காத்திருந்ததுபோல, இறங்கியது. டாக்டர் பையைத் திறந்தார்.

அண்ணாச்சி சொல்லி அனுப்பி ஜேசிபி வந்தது. தோப்பின் மூலையில் குழி. மண் மூடுகிறவரை தம்பி கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தான், பிரிப்பதும் சுருட்டுவதுமாக.

"இன்னும் ஒரு சுத்து நடந்திருப்பாக்கா."

"நடந்திருப்பா தம்பி."

நடந்திருக்கும். அவன் கேட்டிருந்தால் மலையே ஏறியிருக்கும்.

பிறகு பல ஞாயிறுகள் அவன் வரவில்லை. போனை எடுக்கவில்லை. "சந்தைக்கு வெளிய டீ குடிச்சுட்டு நின்னான். என்னக் கண்டதும் பைக்க எடுத்துட்டான்" என்று அண்ணாச்சி சொன்னார், கேலி ஒரு துளிகூட இல்லாமல். நாங்கள் இரண்டு பேரும் போனோம். என் குதிரை, செவலைக்குப் பின்னால் நடந்தே பழகியது, அண்ணாச்சியின் குதிரைக்கும் தனக்கும் நடுவே ஒரு குதிரை அளவு இடம் விட்டே நடந்தது. நான் குதிகாலால் தட்டவில்லை.

போன ஞாயிறு தோப்பு வாசலில் பைக் சத்தம். தம்பி வந்தான். இளைத்திருந்தான். நேரே என் குதிரையிடம் போய் வாருக்கடியில் விரலை நுழைத்தான்.

"ஒரு துளை இறுக்கணும்க்கா."

இறுக்கினான்.

"வெள்ளையில நீ ஏறேம்லே. நான் இங்கன டீ குடிச்சுட்டு இருக்கேன்" என்றார் அண்ணாச்சி.

"வேண்டாம் அண்ணாச்சி. போயிட்டு வாங்க. நிக்கேன்."

போனோம். முன்னால் அதே இடைவெளி. ஆனால் அன்று, முதல்தடவையாக, எனக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்தான். அங்கே நின்று பார்க்கிறவனுக்கு என் தோள் தெரியும் என்று நினைப்பு வந்தது. தளர்த்திக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை.